விகடகவியைத் திருப்பினால் விகடகவி வருகுதில்லை: பைதன் உதவி தேவை

கோண்டாவில் பெடியன்:
அண்ணைமார், அக்காமார், முதலாம் வருசப் பைதன் அசைன்மெண்ட் ஒண்டில நிக்கிறன். ஒரு ஃபைலில வரிக்கு ஒண்டாத் தமிழ்ச் சொற்கள் இருக்கு. ஒவ்வொண்டும் மாலைமாற்றோ (திருப்பி வாசிச்சாலும் அதே சொல்லோ) இல்லையோ எண்டு புரோகிராம் சொல்ல வேணும். சொல்லுக்கு [::-1] போட்டுத் திருப்பி, பழையதோட ஒப்பிடுறன். இங்கிலீஷ் சொல்லுக்கெல்லாம் சரி. விகடகவிக்கு "இல்லை" எண்டு வருது. திருப்பினதைப் பிரிண்ட் பண்ணிப் பார்த்தால் முன்னுக்கு ஒரு புள்ளிவட்டம், நடுவில சொல்லிலயே இல்லாத "கி". அதோட யாழ்ப்பாணம் எண்ட சொல்லுக்கு லென் (நீளம்) 11 காட்டுது. எழுத்து ஆறுதானே?

பனங்கூடல்:
பைதன் பிழை விடேல்லை தம்பி. நீர் எழுத்தை எண்ணுறீர், அது யுனிகோட் குறிகளை எண்ணுது. அகரம் ஏறினதைத் தவிர மற்ற உயிர்மெய்களுக்கெண்டு யுனிகோட்டில தனி இடம் இல்லை. "வி" எண்டால் வகரம் ஒரு குறி, இகரத்தின்ர அடையாளம் இன்னொரு குறி. புள்ளியும் தனிக் குறிதான். யாழ்ப்பாணத்தை உடைச்சுப் பாரும்: ய, கால், ழ, புள்ளி, ப, புள்ளி, ப, கால், ண, ம, புள்ளி. பதினொண்டு.

விகடகவியில ஏழு குறி. கடைசி இகர அடையாளம் திருப்பேக்க முதலாவதா வருது. ஒட்ட ஒரு எழுத்து இல்லாததால புள்ளிவட்டத்தில தொங்குது. முதல் "வி"யின்ர அடையாளம் வகரத்தை விட்டிட்டுப் பக்கத்தில நிண்ட ககரத்தில ஏறிட்டுது. உம்மட "கி" அதுதான்.

ஆனபடியால் திருப்ப முந்தி எழுத்தெழுத்தாக் கட்ட வேணும். வெறும் லிஸ்ட் ஒண்டில தொடங்கும்:

எழுத்துகள் = []

சொல்லில ஒவ்வொரு குறியா லூப் ஓட்டி, ஓர்ட் போட்டு அதின்ர யுனிகோட் எண்ணை எடும். 3006 தொடக்கம் 3021 வரைக்குள்ள இருந்தால், இல்லாட்டில் 3031 ஆயிருந்தால், அது ஒட்டுக்குறி. அதை முன்னால நிக்கிற எழுத்தோட சேர்க்க வேணும்:

எழுத்துகள்[-1] += குறி

மற்றதெல்லாம் லிஸ்டில புதுசா அப்பெண்ட். லூப் முடிய:

எழுத்துகள் == எழுத்துகள்[::-1]

லிஸ்ட் வெறுமையா இருக்கேக்க ஒட்டுக்குறி வந்தால் [-1] இன்டெக்ஸ் எரர் அடிக்கும், அதுக்கு ஒரு இஃப் போடும். (மாறிகளுக்குத் தமிழ்ப் பேர் பைதன் 3 ஏற்கும். மார்க் போடுறவர் ஏற்பாரோ, அது வேற கதை.)

வடலி:
எண்களை இப்பிடி நேர எழுதுறது வடிவில்லை. யுனிகோட்டேட்டா மொடியூலில கம்பைனிங் எண்டு ஒரு ஃபங்ஷன் இருக்கு. பூச்சியம் இல்லாட்டில் ஒட்டுக்குறி எண்டு எடுக்கலாமே?

பனங்கூடல்:
தமிழில அது கால் வாரும். புள்ளிக்கு மட்டும் 9 தரும். கால், கொம்பு, இகர உகர அடையாளம் எல்லாத்துக்கும் பூச்சியம்தான். அதே மொடியூலில கற்றகரி எண்ட ஃபங்ஷன் சரிவரும்: விடை இங்கிலீஷ் எம் (M) எழுத்தில தொடங்கினால் ஒட்டுக்குறி. எண் எழுதுறதை விட அது திறம், ஒத்துக்கொள்ளுறன்.

கோண்டாவில் பெடியன்:
கற்றகரி போட்டன், மாறுமா, தேருவருதே ரெண்டும் ஓம் எண்டு வருது. ஆனால் ஃபைலின்ர முதல் வரியில இருக்கிற விகடகவி இன்னும் "இல்லை". லிஸ்டின்ர நீளம் 6 எண்டு காட்டுது. ஸ்ட்ரிப் போட்டும் போகேல்லை. அதே சொல்லைப் புரோகிராமுக்குள்ள நேர எழுதினால் 5, சரியா வருது. மோருபோருமோவும் "இல்லை" எண்டுதான் வருது, அதுக்கு நீளம் சரியா 5.

நாவற்குழி அக்கா:
ரெண்டும் வேற வேற பிரச்சினை.

முதல் வரியில் முதல் குறியின் ஓர்ட் எண்ணைப் பிரிண்ட் பண்ணிப் பாருங்கோ. 65279 எண்டு வந்தால் அது பொம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத குறி. பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 எண்டு சேமிக்கும்போது ஃபைலின் தலைப்பில் வைத்துவிடும். ஸ்ட்ரிப் இடைவெளிகளைத்தான் வழிக்கும். இது இடைவெளிக் கணக்கில் இல்லை. ஓப்பனில் என்கோடிங் கொடுக்கிற இடத்தில் யூடிஎஃப்-8க்குப் பின்னால் ஒரு சிறுகோடும் எஸ், ஐ, ஜி எண்ட மூண்டு எழுத்தும் சேருங்கோ. பொம் இருந்தால் எடுத்துவிடும், இல்லாத ஃபைலுக்கும் கேடில்லை.

மோருபோருமோவுக்கு லிஸ்டின் நீளத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை, ஸ்ட்ரிங்கின் லென்னைப் பாருங்கோ. 10 வரவேணும். 11 வந்தால் எங்கேயோ ஒரு ஓகாரம் இரண்டு குறியாக ரைப் பண்ணப்பட்டிருக்கு: இரட்டைக்கொம்பு 3015, கால் 3006. மற்ற ஓகாரங்கள் ஒற்றைக் குறியாக 3019. திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும், ஒப்பிடும்போது வேறு. எழுத்தாகப் பிரிக்க முதல் யுனிகோட்டேட்டாவின் நோர்மலைஸ் ஃபங்ஷனுக்கு என்எஃப்சி எண்டு கொடுத்துச் சொல்லை அனுப்புங்கோ, எல்லாம் 3019 ஆகிவிடும். ஆனால் ஆரும் ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தை ரைப் பண்ணி ஔகாரமாக்கியிருந்தால் நோர்மலைஸ் கைகொடுக்காது. அது எழுத்துப்பிழை, ஃபைலில்தான் திருத்தவேணும்.

கோண்டாவில் பெடியன்:
65279ம் இருந்தது, 11ம் இருந்தது. இப்ப எல்லாச் சொல்லும் சரி. நன்றி அக்கா, நன்றி அண்ணை. சொல்லில தமிழ் எழுத்து மட்டும்தானோ எண்டு பார்க்க இஸ்அல்ஃபா போடலாமோ?

பனங்கூடல்:
போடாதையும். ஒட்டுக்குறிகளை அது எழுத்தாக் கணக்கெடுக்காது, தமிழ் எண்ட சொல்லுக்கே ஃபோல்ஸ் தரும். குறியின்ர எண் 2944க்கும் 3071க்கும் இடையில இருக்குதோ எண்டு பாரும். அந்த வட்டத்துக்குள்ள தமிழ் இலக்கங்களும் இருக்கு, அதுகள் வேண்டாமெண்டால் கற்றகரியில இங்கிலீஷ் என் (N) எழுத்தில தொடங்கிறதுகளைத் தள்ளிவிடும்.