தேயிலைச் சரிவில் கெட்டிஸ்பர்க் சண்டை: பத்தாம் வகுப்புக்கு இது தேவையா?

கோத்தகிரி வாத்தியார்:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்பதால் அமெரிக்க உள்நாட்டுப் போர், 1861 முதல் 1865 வரை, அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்தது, எங்களுக்குப் பெரிய பாடம். போன வாரம் அதில் பெரிய சண்டையான கெட்டிஸ்பர்க் வந்தது. பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டு எனக்கே சலித்துவிட்டது, அதனால் தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டு 38 பிள்ளைகளையும் பள்ளிக்குப் பின்னால் கவாத்து வெட்டிக் கிடந்த தேயிலைக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். கீழே ஓடையோரம் நிற்க வைத்து, மேலே சில்வர் ஓக் வரிசை வரைக்கும் நடக்கச் சொன்னேன். 1863 ஜூலை 3 மதியம் தெற்குப் படையில் ஏறக்குறைய 12,500 பேர் ஒன்றேகால் கிலோமீட்டர் திறந்த வெளியில் இப்படித்தான் நடந்தார்கள், எதிரே கல்சுவருக்குப் பின்னால் பீரங்கியும் துப்பாக்கியும். நான் விசில் ஊதும்போதெல்லாம் சிலர் உட்கார வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தது 19 பேர். அன்றைக்கு அங்கேயும் ஏறக்குறைய பாதிப் பேர் செத்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள்.

மேலே போன ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டே கீழே திரும்பிப் பார்த்து, "சார், நாங்க கிளம்பினதிலிருந்தே இவங்க எங்களப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பாங்களே" என்றாள். ஐந்து வருடமாக நான் பலகையில் சொல்ல முயன்றது அதுதான்.

மறுநாள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பிள்ளைகளுக்குச் சண்டை போடச் சொல்லித்தருகிறார் என்று எழுதிவிட்டார். இங்கே ஆசிரியர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். பெரிய சண்டைகளை விரிவாக நடத்தலாமா, கூடாதா?

கூடலூர் அப்பா:
என் மகனும் அதே பாடத்திட்டம்தான், வேறு பள்ளி. சார், தேர்வில் காரணங்கள், விளைவுகள்தான் பெரிய கேள்வியாக வருகின்றன. எந்த முகட்டில் யார் நின்றான் என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது? ஒரு மதியம் முழுக்கக் காட்டில் போனால் அந்தப் பாடத்தை யார் முடிப்பது? ஃபீஸ் கட்டுகிறவன் கேட்கத்தான் செய்வான்.

பந்தலூர் டீச்சர்:
நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல். சார், நீங்கள் அக்கறையோடு செய்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் கூடாது என்றுதான் சொல்வேன். மார்க்குக்காக இல்லை.

விசில் ஊதினால் உட்காருவது விளையாட்டு. உட்கார்ந்த 19 பிள்ளைகள் அங்கே என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள். சிரித்திருப்பார்கள். ஒருவனாவது செத்த மாதிரி படுத்துக் காட்டியிருப்பான். அவனைக் குறை சொல்லவில்லை, பதினைந்து வயது. அந்த வயதுப் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தியது நாம்.

எங்கள் பக்கம் வகுப்பில் பாதிப் பேர் தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், அவர்களுக்காகவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. என் பாட்டி அப்படி வந்தவர். அவர் போரைப் பார்க்கவில்லை, போர் வருமுன்பே வந்துவிட்டார். ஆனால் அங்கேயே தங்கிவிட்ட அவருடைய தங்கை குடும்பத்துக்கு 1983 ஜூலையில் என்ன ஆனது என்பது கடிதமாகத்தான் வந்தது. அந்த நீலக் கடிதத்தைப் பாட்டி அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார். உள்நாட்டுப் போர் என்று சொன்னால் எனக்கு அந்த டின்தான் கண்முன் வரும். அங்கே எந்தத் தளபதி எந்த மேட்டைப் பிடித்தான் என்பதில் எனக்கு எந்தப் பாடமும் இல்லை.

கோத்தகிரி வாத்தியார்:
டீச்சர், நீங்கள் சொன்னது நடந்தது. ஒரு பையன் கவாத்துக் கட்டைகளுக்கு நடுவே கையை விரித்துப் படுத்தான், ஒரு ஷூ கழன்று கிடந்தது, பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். பக்கத்துக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "பாம்பு கிடக்கும் தம்பி, எந்திரி" என்று சத்தம் போட்டார். அவன் எழுந்துவிட்டான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் சண்டையே வேண்டாம் என்பதை ஒப்ப மாட்டேன். 1862 கோடைக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தை எழுதி மேசைக்குள் வைத்திருக்கிறார். வடக்குப் படை தோற்றுக்கொண்டே இருக்கிறது, இந்த நேரத்தில் வெளியிட்டால் கையாலாகாதவன் கூப்பாடு மாதிரி ஆகிவிடும், ஒரு வெற்றி வரட்டும் என்று அமைச்சர் சூவர்டு சொல்கிறார். செப்டம்பர் 17, ஆண்டீட்டம் சண்டை. ஒரே நாளில் இரண்டு பக்கமும் சேர்த்துச் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சுமார் 23,000 பேர். அது முழு வெற்றிகூட இல்லை, தெற்குத் தளபதி லீ பின்வாங்கினார், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. ஐந்தாம் நாள், செப்டம்பர் 22, பிரகடனம் வெளியே வந்தது, 1863 ஜனவரி 1 முதல் அமல். இந்தச் சண்டையை எடுத்துவிட்டு அடிமை முறை ஒழிந்தது என்று ஒரு வரி சொன்னால், அது தானாகவே ஒழிய வேண்டிய நேரத்தில் ஒழிந்தது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். தானாக ஒழியவில்லை டீச்சர். ஆண்டீட்டம் சோளக்காட்டில் விழுந்து கிடந்தவர்கள் மேல்தான் அந்தக் காகிதம் வந்தது.

கூடலூர் அப்பாவுக்கும் அதே பதில்தான். விளைவு என்று பாடத்தில் இருப்பது எதன் விளைவு?

ஊட்டி நூலகம்:
இரண்டு பேருமே சண்டையைச் சண்டை நடந்த இடத்தோடு நிறுத்துகிறீர்கள். அந்தப் போரில் செத்தவர்கள் 6,20,000 என்று நீண்ட காலம் சொன்னார்கள், இப்போது 7,50,000 வரை இருக்கும் என்கிறார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு குண்டடி பட்டுச் சாகவில்லை. பேதி, டைஃபாய்டு, அம்மை, மலேரியா. வடக்குக் கடற்படை துறைமுகங்களை அடைத்ததால் தெற்கே மலேரியா மருந்தான கொயினா சரியாகக் கிடைக்கவில்லை, காய்ச்சல் பிடித்தவன் கிடக்க வேண்டியதுதான். அதே 1860களின் தொடக்கத்தில்தான் இங்கே தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் ஆங்கிலேய அரசு சின்கோனா மரம் வைத்தது, கொயினா எடுக்கும் மரம். நம் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற ஊர் நடுவட்டம். அந்த மரப்பட்டைக்காக உலகமே ஏன் அலைந்தது என்று கேட்டால் போர் தன்னால் வகுப்புக்குள் வந்துவிடும்.

பருத்தியும் அப்படித்தான். அமெரிக்கப் பருத்தி நின்றதும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் முடங்கின, இந்தியப் பருத்தி விலை ஏறியது, போர் முடிந்ததும் விழுந்தது. வாத்தியார் சார், ஒரு மதியம் இருந்தால் நான் பிள்ளைகளை நடுவட்டத்துக்குத்தான் கூட்டிப்போவேன்.

அப்புறம் ஒரு திருத்தம். கெட்டிஸ்பர்க்கில் அந்த வெளி லேசான ஏற்றம்தான், நடுவே வேலி போட்ட ஒரு சாலை. நம் தேயிலைச் சரிவு மாதிரிச் செங்குத்து இல்லை. மூச்சு வாங்கினதால்தான் தோற்றார்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

கோத்தகிரி வாத்தியார்:
திருத்தம் சரிதான், நன்றி. செங்குத்தும் பாறையுமாக இருந்தது முந்தின நாள், ஜூலை 2, லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்று. நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். மூன்றாம் நாளுக்கு விளையாட்டு மைதானமே சரியான இடம், மறைய ஒரு மரம்கூட இல்லை.

கொயினா விஷயம் எனக்குப் புதிது, கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சண்டைக்குப் பதிலாக அதை வைக்க மாட்டேன்.

பந்தலூர் டீச்சர்:
ஆண்டீட்டம் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், நீங்கள் அதற்கு எந்த மேட்டையும் ஏறச் சொல்லவில்லை. ஒரு மேசையையும் ஒரு காகிதத்தையும் காட்டினீர்கள், எனக்குப் புரிந்துவிட்டது.

கெட்டிஸ்பர்க்கையே எடுங்கள். உங்கள் நடையில் பிள்ளைகள் எல்லாரும் தெற்குப் படை. அவர்கள் கால் வலி, அவர்கள் பயம், அவர்கள் சாவு. எதற்காக வந்த படை அது? பென்சில்வேனியாவுக்குள் லீயின் படை நுழைந்தபோது, அங்கே சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவர்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, பிடித்துக் கட்டித் தெற்கே அடிமையாக ஓட்டிக்கொண்டு போனார்கள். அது அந்தச் சண்டைக்கு முந்தின வாரங்களில் நடந்தது. உங்கள் சரிவில் அவர்கள் எங்கே நின்றார்கள்? நடந்தவன்மேல் இரக்கம் வர வைத்துவிட்டு, ஓட்டிப்போகப்பட்டவளை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போனால் பாடம் தலைகீழாகிவிடுகிறது சார். என் பெரிய வருத்தம் இதுதான், சிரித்த பையன் இல்லை.

கூடலூர் அப்பா:
டீச்சர் சொன்னது இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. என் மகனிடம் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. அவன் புத்தகத்தில் கெட்டிஸ்பர்க் அரைப் பக்கம்தான்.

நேரம் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. மாதத்துக்கு ஒரு நாள் என்றால் சரி, வாரா வாரம் வேண்டாம்.

கோத்தகிரி வாத்தியார்:
டீச்சர், நேற்று ராத்திரி இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுதாமலே எழுந்துவிட்டேன். நீங்கள் சொன்ன சம்பவம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வகுப்பில் சொல்லவில்லை. சண்டை என்றதும் என் புத்தி படை எங்கே, பீரங்கி எங்கே என்றுதான் ஓடியிருக்கிறது. ஓட்டிப்போகப்பட்டவர்கள் வேறு பாடம் என்று எனக்குள் ஒரு பிரிவு இருந்திருக்கிறது.

ஆனாலும் இதற்கு விடை சண்டையை விடுவது இல்லை, எந்தச் சண்டை, யார் பக்கமிருந்து என்பதுதான் என்று நினைக்கிறேன். கெட்டிஸ்பர்க் முடிந்து பதினைந்து நாளில், ஜூலை 18, தென் கரோலினாவில் வாக்னர் கோட்டை. 54-ஆம் மாசசூசெட்ஸ் படை, கறுப்பினச் சிப்பாய்கள். குறுகலான கடற்கரை மணலில் இருட்டும் நேரத்தில் கோட்டையை நோக்கி ஓடினார்கள். கோட்டை விழவில்லை, நிறைய பேர் செத்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் சம்பளம், இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கு என்று 3 பிடித்தம். குறைந்த கூலியை வாங்க மாட்டோம் என்று ஒரு வருடத்துக்கு மேல் சம்பளமே தொடாமல் சண்டை போட்டார்கள், 1864-இல்தான் சம கூலி வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கூலிப் பிடித்தம் என்றால் என்னவென்று நான் விளக்கவே வேண்டாம். போர் முடிவதற்குள் 1,80,000 கறுப்பினத்தவர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் இவர்கள் நிற்க மாட்டார்கள், ஓடிவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மணலில் என்ன நடந்தது என்று விரிவாகச் சொல்லாமல் அந்தப் பேச்சு பொய் என்று எப்படிக் காட்டுவது?

ஊட்டி நூலகம்:
இதைத்தான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும் சார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் தெற்கின் கையிலிருந்த விக்ஸ்பர்க் ஊரையும் சேருங்கள். 47 நாள் முற்றுகை, ஊர்க்காரர்கள் மலைச்சரிவில் குகை தோண்டிக் குடியிருந்தார்கள், கோவேறு கழுதைக் கறி தின்றார்கள். கெட்டிஸ்பர்க் முடிந்த மறுநாள், ஜூலை 4, சரணடைந்தது. அதைத் தொடர்ந்து மிசிசிப்பி ஆறு முழுதும் வடக்கின் கைக்கு வந்தது. போரில் ஊர் ஜனம் என்ன பட்டது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

பந்தலூர் டீச்சர்:
வாக்னர் கோட்டைக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். கூலிக் கதையை எங்கள் பள்ளியிலும் சொல்லப் போகிறேன், எங்கள் பாடத்தில் இல்லை என்றாலும்.

விசில் ஊதி உட்கார வைப்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. நடக்க வையுங்கள், தூரம் காட்டுங்கள், மேலேயிருந்து கீழே பார்க்க வையுங்கள், அந்தப் பெண் சொன்ன மாதிரி. சாவை நடித்துக் காட்ட வேண்டாம். எந்த வகுப்பிலும் யார் வீட்டு டின்னில் என்ன கடிதம் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது.

கோத்தகிரி வாத்தியார்:
விசிலை விடுவது பற்றி யோசிக்கிறேன். இப்போதே சரி என்று சொல்ல முடியவில்லை. உட்கார்ந்தவர்களைக் கடந்து நடந்தபோதுதான் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன்.

வருகிற சனிக்கிழமை அதே வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன். நடப்பதற்கு முன்னால் பென்சில்வேனியாவில் பிடித்துப்போனவர்களைப் பற்றி அரை மணி நேரம். காலை ஒன்பதுக்கே தொடங்கிவிடுவோம், பதினொன்றுக்கு மேல் மேகம் இறங்கிவிடுகிறது. வர முடிந்தால் வாருங்கள் டீச்சர், அந்த அரை மணி நேரத்தை நீங்களே எடுத்தாலும் சரி.

பந்தலூர் டீச்சர்:
பந்தலூரிலிருந்து காலை ஒன்பதுக்குக் கோத்தகிரி வந்துசேர பஸ் கிடைக்காது. வெள்ளிக்கிழமை ராத்திரியே குன்னூரில் சித்தி வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.