புதுப்பிப்பு: பெரியம்மாவின் ட்ரிஃபாரி ப்ரூச்

கொழிஞ்சாம்பாறையில் பெரியம்மா கொடுத்த ப்ரூச்சும் (உடையில் குத்தும் அலங்கார ஊசி) மணிகள் கோத்த மணிப்பையும் எந்தக் காலத்தவை என்று முன்பு கேட்டிருந்தேன். ப்ரூச் விஷயம் தெளிந்துவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்பக்கம் ட்ரிஃபாரி என்ற அமெரிக்க ஃபேன்சி நகை நிறுவனத்தின் பெயர், அதன் ஆங்கில டி எழுத்தின் தலையில் குட்டிக் கிரீடம், பக்கத்திலேயே வட்டத்துக்குள் சி. அந்த சி என்ற காப்புரிமை (காப்பிரைட்) குறிதான் துப்பு. ஃபேன்சி நகை வடிவங்களுக்கும் காப்புரிமை உண்டு என்று அமெரிக்க நீதிமன்றம் 1955இல் சொன்ன பிறகுதான் அதைப் பொறிப்பது வழக்கமானது; ஆக, இந்த ப்ரூச் அதற்குப் பிந்தையதாகத்தான் இருக்கும்.

ப்ரூச்சைக் கழுவலாமா என்று கேட்டவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். கல்லின் பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சில் தண்ணீர் இறங்கினால் கல் கறுத்துப்போகும், அப்புறம் மீட்கவே முடியாது. உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

மணிப்பையின் வயது இன்னும் பிடிபடவில்லை. கனத்தில் நூல் அறுந்துவிடும் என்பதால் தொங்கவிடாமல், பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கவைத்திருக்கிறேன். இரண்டையும் விற்க மாட்டேன்.