எம்ஜிபி கார் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-5 கியர் ஆயில் ஊத்தச் சொன்ன புண்ணியவான் யாருப்பா?

கப்பலூர் லேத்:
பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி பத்தி வாட்ஸப்ல ஒரு குறிப்பு சுத்துது: "எம்ஜிபி கியர்பாக்ஸை வீட்லயே பிரிச்சு மாட்டினா, கடைசியா ஜிஎல்-5 80டபிள்யூ-90 ஊத்துங்க, அதான் உசத்தி." படிச்சதும் பத்திக்கிட்டு வருது. இஞ்சினையும் பாக்ஸையும் ஒண்ணாத் தூக்கி இறக்கி, பித்தளை சிங்க்ரோ ரிங் (கியர் மாத்துறப்ப வேகத்தைச் சமமாக்குற வளையம்) அத்தனையும் புதுசா மாட்டிட்டு, அதுமேல கந்தகம் கலந்த எண்ணெயா? கம்பெனி புத்தகத்துல பாக்ஸுக்குப் போட்டிருக்கிறது 20டபிள்யூ-50 இஞ்சின் ஆயில். ஹைபாய்டு ஆயில், அதாவது ஜிஎல்-5 மாதிரி கியர் ஆயில், பின் ஆக்ஸிலுக்கு. அவ்வளவுதான்.

கோவை பிஸ்டன்:
குறிப்பு எழுதினது நான்தான். அந்தக் கால ஜிஎல்-5 பித்தளையைத் தின்னுச்சு, சரி. இப்ப வர்றதுல கந்தகத்தை அடக்கித்தான் வச்சிருக்கான். 121 டிகிரில 3 மணி நேரம் செம்புத் தகட்டை ஊறவச்சு சோதிச்சுட்டுத்தான் விக்கிறான். உங்க ஊர் கத்திரி வெயில்ல 20டபிள்யூ-50 தண்ணியா ஓடிரும். 50 பெருசா, 90 பெருசா?

கப்பலூர் லேத்:
அட கடவுளே. இஞ்சின் ஆயிலுக்கு ஒரு அளவுகோல், கியர் ஆயிலுக்கு வேற அளவுகோல். 100 டிகிரில 50 கிரேடு 16.3லருந்து 21.9 சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெயோட கெட்டித்தன்மை அளவு, கூடக் கூடக் கெட்டி). 90 கிரேடு 13.5லருந்து 18.5. இப்ப எது தண்ணின்னு நீங்களே சொல்லுங்க. அந்தச் செம்புத் தகடு சோதனையில தகடு கருத்துப்போனாலும் 3ஆம் நிலை வரைக்கும் பாஸ்தான். ஜிஎல்-5 வேணாம்.

வைகைக்கரை:
அரிப்பை விடுங்கண்ணே, பிடிமானம்தான் விஷயம். சிங்க்ரோ ரிங், கியர்ல இருக்கிற கோனை (கூம்பு பாகத்தை) கவ்வி நிறுத்தணும். ஜிஎல்-5 வழுக்குச்சுன்னா கவ்வாது. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏத்தத்துல 3லருந்து 2க்கு இறக்குறப்ப கரகரன்னு கத்தும்.

கோவை பிஸ்டன்:
கத்துறது எண்ணெயால இல்லை, லேஷாஃப்ட்டால (பாக்ஸுக்குள்ள லேகியர்ங்கிற பல்சக்கரத் தொகுதியைத் தாங்குற தண்டு). மதுரைல இஎன்8 (சாதாரண எஃகு) கம்பியைக் கடைஞ்சு லேஷாஃப்ட்னு மாட்டி விடுறாங்களே, அதைக் கேளுங்க.

கப்பலூர் லேத்:
வந்துட்டாருய்யா கோயம்புத்தூர் பெருமை! கே.புதூர் பட்டறையில இஎன்36 எஃகு போட்டு, கேஸ் ஹார்டனிங் பண்ணி (மேல்தோலை மட்டும் கெட்டியாக்கி), 60 ஆர்சி (ராக்வெல் கடினத்தன்மை அளவு) வர வச்சு, கிரைண்டிங் பண்ணித் தருவான். கேக்கத் தெரியாதவன் இஎன்8 வாங்கிட்டுப் போவான். போன தடவை கார்புரேட்டர் விவாதத்துலயும் இப்படித்தான் பேச்சை மாத்துனீங்க. பேச்சு ஜிஎல்-5 பத்தி.

ஸ்பானர் 62:
சண்டை நடக்கட்டும். பிரிக்கப் போறவங்களுக்கு: நியூட்ரல்ல கிளட்ச் விட்டா சத்தம், மிதிச்சா சத்தம் நின்னா, லேஷாஃப்டோ முன் பேரிங்கோ போச்சு. நீடில் பேரிங் (ஊசி மாதிரி உருளைகள்) ஓடுற இடத்துல ஷாஃப்டை நகத்தால தடவுங்க; குழி தட்டுப்பட்டா ஷாஃப்ட், நீடில் ரெண்டும் புதுசு. மேல்தோல் செதில் செதிலா உதிர்ந்து மத்த பேரிங்கையும் தின்னுரும். மாட்டுறப்ப லேகியருக்குள்ள ஒரு டம்மி ஷாஃப்ட், நீளம் லேகியர் அளவுக்கு மேல போகக் கூடாது, நீடிலைக் கிரீஸ்ல ஒட்டி நிறுத்துங்க. லேகியரை முதல்ல கேஸ் அடியில படுக்க வச்சுட்டு, மெயின்ஷாஃப்ட் ஏறினப்புறம் தூக்கி, அசல் ஷாஃப்டைத் தள்ளுங்க. டம்மி மறுபக்கம் வெளிய வரும். எண்ட் ஃப்ளோட் (லேகியர் முன்ன பின்ன அசையுற இடைவெளி) 0.05லருந்து 0.08 மிமீ, திரஸ்ட் வாஷர் மாத்தி மாத்திச் சரி பண்ணணும். சிங்க்ரோ ஹப்பைக் கழட்டுறப்ப மேல துணி சுத்துங்க, குண்டும் ஸ்பிரிங்கும் பறந்துரும்.

பற்சக்கரப்பித்தன்:
அது கியர்பாக்ஸ் அல்ல, பற்சக்கரப் பெட்டி. தமிழ் வளர்த்த ஊர்ல இருந்துகிட்டு...

கப்பலூர் லேத்:
பெட்டின்னு சொன்னாலும் ஜிஎல்-5 ஊத்தக் கூடாதுங்கய்யா.

கோவை பிஸ்டன்:
புத்தகத்தையே கட்டிக்கிட்டு அழுங்க. அந்தப் புத்தகம் அச்சடிச்சப்ப இந்த எண்ணெயே கிடையாது.

கப்பலூர் லேத்:
பித்தளை அப்பவும் பித்தளை, இப்பவும் பித்தளை. ஓவர்டிரைவ் (வேகமா போறப்ப இஞ்சின் சுத்தைக் குறைக்கிற கூடுதல் கியர்) இருந்தா இன்னும் மோசம், உள்ள இருக்கிற கோன் கிளட்சும் அதே எண்ணெயிலதான் நனையுது. நழுவுச்சுன்னா அடுத்து அதையும் கழட்டுங்க.

வைகைக்கரை:
அண்ணே, எத்தனை லிட்டர் பிடிக்கும்? அதை யாரும் சொல்லலையே.

ஸ்பானர் 62:
நாலு கியருக்கும் சிங்க்ரோ இருக்கிற பாக்ஸுக்கு 3 லிட்டர். ஓவர்டிரைவ் இருந்தா 3.4.

கோவை பிஸ்டன்:
3 லிட்டர் ஜிஎல்-5.

கப்பலூர் லேத்:
ஊத்துங்க ராசா, ஊத்துங்க. ரிங்குக்கு இப்பவே ஆர்டர் போட்டு வைங்க.