டைட்டானியா மேல் வைத்த பிளாட்டினத்தைக் காணவில்லை. உதவி தேவை, அவசரம்

மஞ்சள்_பீக்கர் (காலை 9:14)
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை குழுக்கூட்டம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு கேட்டலிஸ்ட் செய்தேன், இரண்டிலும் 1 சதவீதம் பிளாட்டினம். ஒன்று காமா அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மேல், இன்னொன்று டைட்டானியா (டைட்டானியம் டைஆக்சைடு) மேல். ஒரே கரைசல், ஒரே நாள், ஒரே ஃபர்னஸ். ஹைட்ரஜன் கெமிசார்ப்ஷன் (உலோகத்தில் எவ்வளவு ஹைட்ரஜன் ஒட்டுகிறது என்ற அளவீடு) பார்த்தால் அலுமினாவில் ஹைட்ரஜன்-பிளாட்டினம் விகிதம் 0.48. டைட்டானியாவில் 0.03! மூன்று முறை செய்துவிட்டேன், அதே கதைதான். துகள் அளவு 37 நானோமீட்டர் என்கிறது மெஷின். எங்கே தப்பு செய்கிறேன்?

குழாய்_உலை (9:31)
எந்த டைட்டானியா? பிளாட்டினம் எந்த உப்பிலிருந்து வந்தது? எத்தனை டிகிரியில் ரிடக்ஷன் (ஹைட்ரஜனில் சூடாக்கி உலோகமாக்குவது), எவ்வளவு நேரம்? டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எடுத்தீர்களா? இது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

குளோரின்_குமார் (9:40)
குளோரைடுதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குளோரோபிளாட்டினிக் அமிலம்தானே போட்டீர்கள்? கழுவாமல் நேரே ஃபர்னஸில் வைத்திருப்பீர்கள். குளோரைடு உலோகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு ஹைட்ரஜனுக்கு இடம் தராது. கழுவின நீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். தயிர் போல வெள்ளை வீழ்படிவு வந்தால் நான் சொன்னது சரி.

நிதானம் (9:52)
சிண்டரிங், அதாவது சூட்டில் துகள்கள் ஒட்டிப் பெரிதாவது. பி25 ரக டைட்டானியா என்றால் பரப்பு கிராமுக்கு ஏறக்குறைய 50 சதுர மீட்டர்தான், காமா அலுமினாவில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. சின்ன வீட்டில் அதே கூட்டம் இருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

மூத்தவர்_கெம் (10:05)
மாதம் ஒரு முறை இதே கேள்வி இங்கே வருகிறது. தேடல் பெட்டி எதற்கு இருக்கிறது? அந்தக் காலத்தில் நாங்கள் நூலகத்தில் தூசி தட்டி இதழ்களைப் புரட்டிப் படித்தோம். இப்போது மெஷினில் ஒரு எண் வந்ததும் இங்கே ஓடி வந்துவிடுகிறார்கள். துகள் அளவு 37 என்று மெஷின் சொல்லாது, அதில் நீங்கள் போட்ட சூத்திரம் சொல்லும். முதலில் அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

மஞ்சள்_பீக்கர் (10:48)
பி25தான். குளோரோபிளாட்டினிக் அமிலம்தான். கழுவவில்லை, ஆனால் அலுமினாவையும் கழுவவில்லையே. டெம் நேற்று வந்தது. இரண்டிலும் 2 முதல் 3 நானோமீட்டர்! அதனால்தான் குழப்பம். கண்ணுக்குத் தெரிகிற பிளாட்டினம் ஹைட்ரஜனுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

குழாய்_உலை (10:55)
தம்பி, ரிடக்ஷன் வெப்பநிலை கேட்டேன்.

மஞ்சள்_பீக்கர் (10:58)
தம்பி இல்லை, தங்கை. 500 டிகிரி, 2 மணி நேரம், சுத்த ஹைட்ரஜன். எங்கள் ஆய்வகத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான். சீனியர்கள் எழுதி வைத்த காகிதம் ஃபர்னஸ் கதவிலேயே ஒட்டியிருக்கிறது.

குழாய்_உலை (11:20)
மன்னிக்கவும் தங்கச்சி. விடை அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. அது அலுமினாவுக்காக எழுதினது.

1978இல் எக்ஸான் ஆய்வகத்தில் டாஸ்டர், ஃபங், கார்ட்டன் மூவரும் பார்த்தது அச்சு அசலாக இதைத்தான். ருதேனியம், ரோடியம், பல்லேடியம், ஆஸ்மியம், இரிடியம், பிளாட்டினம் ஆகிய ஆறையும் டைட்டானியா மேல் வைத்தார்கள். 200 டிகிரியில் ரிடக்ஷன் செய்தால் ஹைட்ரஜன் ஒழுங்காக ஒட்டியது. 500இல் செய்தால் ஏறக்குறைய பூஜ்யம். துகள்களோ பெரிதாகவே இல்லை. உலோகத்துக்கும் சப்போர்ட்டுக்கும் (உலோகத்தைச் சுமக்கும் ஆக்சைடு) இடையிலான வலுவான உறவு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

நடப்பது இதுதான். பிளாட்டினம் ஹைட்ரஜனை அணுவாக உடைக்கிறது. அந்த அணுக்கள் பக்கத்து டைட்டானியாவுக்குத் தாவி அதன் ஆக்சிஜனைப் பிடுங்குகின்றன. ஆக்சிஜன் குறைந்த டைட்டானியம் ஆக்சைடு நகரக்கூடியது. மெல்ல ஊர்ந்து பிளாட்டினத்தின் மேலேறிப் போர்த்திக்கொள்கிறது, பால் ஆறும்போது ஆடை படிவது போல. போர்வை ஓரிரு அணு அடுக்கு தடிமன்தான், சாதாரண டெம் படத்தில் கண்ணில் படாது. ஹைட்ரஜனுக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். அலுமினா அவ்வளவு சுலபமாக ஆக்சிஜனை விடாது, அதனால் அங்கே இந்த வேலை நடக்கவில்லை.

ஒன்று சொல்லுங்கள், ரிடக்ஷன் முடிந்து எடுக்கும்போது பொடி என்ன நிறம்?

மஞ்சள்_பீக்கர் (11:26)
அலுமினா சாம்பல். டைட்டானியா கருநீலம், பழைய கார்பன் பேப்பர் மாதிரி. வெளியே வைத்துக் கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிட்டது. ஃபர்னஸ் அழுக்கு என்று நினைத்தேன்!

குழாய்_உலை (11:30)
அழுக்கு இல்லை. டைட்டானியம் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக்கு இறங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம் அந்த நீலம்.

குளோரின்_குமார் (11:41)
எல்லாம் சரி. குளோரைடு இல்லை என்று எப்படி இவ்வளவு உறுதி?

நிதானம் (11:50)
குமார், குளோரைடை இறுக்கிப் பிடிப்பதில் அலுமினாதான் பேர்போனது. பெட்ரோல் ரிஃபார்மிங்கில் வேண்டுமென்றே அதில் குளோரைடு ஏற்றுகிறார்கள். குளோரைடுதான் காரணம் என்றால் முதலில் அலுமினா சாம்பிள்தான் படுத்திருக்க வேண்டும். நான் சொன்ன சிண்டரிங்கும் டெம் படத்தோடு போயிற்று, ஒத்துக்கொள்கிறேன்.

மூத்தவர்_கெம் (12:10)
போர்வை, ஆடை என்று சமையலறைக் கதை சொல்லாதீர்கள். இது எலக்ட்ரான் விவகாரம். சப்போர்ட்டிலிருந்து உலோகத்துக்கு எலக்ட்ரான் போகிறது, அதனால் ஹைட்ரஜன் ஒட்டுவதில்லை. நாங்கள் படித்தது அதுதான்.

குழாய்_உலை (12:34)
ஐயா, நீங்கள் படித்த காலத்தில் அதுதான் விளக்கம். முதல் கட்டுரையிலேயே உலோகத்துக்கும் டைட்டானியத்துக்கும் இடையே பிணைப்பு என்றுதான் பேசினார்கள். 80களில் மேற்பரப்பு ஆய்வுகள் வந்த பிறகு போர்வைதான் நிலைத்தது. எலக்ட்ரான் நகர்வு அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. துகளின் விளிம்பில், ஆக்சைடைத் தொடுகிற இடத்தில், அதற்குப் பங்கு உண்டு. ஆனால் 0.48 இருக்க வேண்டிய இடத்தில் 0.03 வருவதற்கு அது போதாது.

வடமராட்சி_வேதியன் (13:02)
நல்ல விளக்கம் அண்ணை. சப்போர்ட் என்றே எல்லாரும் எழுதுகிறீர்கள், தமிழில் என்ன சொல்வது?

நிதானம் (13:08)
தாங்கி என்று எழுதலாம். கேட்டலிஸ்ட்டுக்கு எங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் வினைவேக மாற்றி.

வடமராட்சி_வேதியன் (13:15)
எங்களுக்கு ஊக்கி. தாங்கி என்றால் எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி. பிளாட்டினத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டதாக நினைப்பார்கள்.

குளோரின்_குமார் (13:19)
இங்கே தாங்கி என்றால் பால்பேரிங். வினைவேக மாற்றியிலும் பாதி தப்பு. சில வினைகளில் வேகத்தைவிட எந்தப் பொருள் வரும் என்பதுதான் மாறுகிறது. வினையூக்கி போதும், ஊரில் எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்.

மூத்தவர்_கெம் (13:25)
இழை எங்கே போகிறது பாருங்கள்.

குழாய்_உலை (13:40)
தங்கச்சி, இதைச் செய்து பாருங்கள். அதே சாம்பிளை 400 டிகிரியில் காற்றில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆக்சிஜன் திரும்பக் கிடைத்ததும் அந்த ஆடை சுருங்கி விலகும். அப்புறம் ஆறவிட்டு, ஆர்கானால் நன்றாக விரட்டிவிட்டு (காற்றிலிருந்து நேரே ஹைட்ரஜனுக்குத் தாவ வேண்டாம், குழாய் வெடிக்கும்), 200 டிகிரியில் மட்டும் ரிடக்ஷன் செய்து கெமிசார்ப்ஷன் எடுங்கள். எண் ஏறினால் பிளாட்டினம் எங்கேயும் போகவில்லை என்று அர்த்தம். பிறகு மறுபடி 500க்குக் கொண்டுபோங்கள், திரும்ப விழ வேண்டும். சிண்டரிங் என்றால் இப்படிப் போய் வராது.

இன்னொன்று, அந்த 37 நானோமீட்டரை ஸ்லைடில் போடாதீர்கள். தெரிகிற பிளாட்டினம் அணுக்களை எண்ணித்தான் அளவைக் கணக்கிடுகிறோம். மூடியிருக்கிறதை ஹைட்ரஜன் எண்ணாது, அதனால் துகள் பெரிது என்று சூத்திரம் நினைத்துக்கொள்கிறது.

ஆமாம், எந்த வினைக்கு இதெல்லாம்? அதைச் சொல்லவே இல்லையே.

மஞ்சள்_பீக்கர் (13:44)
குரோட்டனால்டிஹைட் ஹைட்ரஜனேற்றம், வாயு நிலையில். சொல்லவில்லையா? சாரி!

குழாய்_உலை (14:02)
அடடா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு மாதிரி ஆரம்பித்திருப்பேன். அதில் இரண்டு இரட்டைப் பிணைப்பு உண்டு. வெறும் பிளாட்டினம் கார்பன்-கார்பன் பிணைப்பைத்தான் முதலில் கடிக்கும், பியூட்டிரால்டிஹைட் வரும். குரோட்டைல் ஆல்கஹால் வேண்டுமானால் கார்பன்-ஆக்சிஜன் பக்கம் போக வேண்டும். 500இல் ரிடக்ஷன் செய்த டைட்டானியா சாம்பிளில் ஆக்சைடுத் திட்டுகளின் ஓரம் அந்த ஆக்சிஜன் முனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈத்தேனை உடைக்கிற மாதிரி வினைகளுக்கு இந்தப் போர்வை விஷம், பல மடங்கு படுத்துவிடும். உங்கள் வினைக்கு லாபமாகக்கூட இருக்கலாம். ரியாக்டரில் 200, 500 இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். கன்வெர்ஷன் (வினைபட்ட பங்கு) இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

மூத்தவர்_கெம் (14:20)
இந்த ஒரு பதில் பரவாயில்லை.

வடமராட்சி_வேதியன் (16:47)
அக்கா, என்ன ஆயிற்று?

நிதானம் (மறுநாள் காலை 8:30)
ஆள் காணவில்லை. குழுக்கூட்டத்துக்கு ஸ்லைடு போடுகிறார் போல.

மஞ்சள்_பீக்கர் (வெள்ளி, மாலை 6:12)
400 காற்று, ஆர்கான், 200 ஹைட்ரஜன்: 0.41. மறுபடி 500: 0.04. நீலமும் திரும்ப வந்தது, போட்டோ எடுத்து வைத்தேன். ரியாக்டரில் 500 சாம்பிளில்தான் ஜிசியில் (வாயு குரோமட்டோகிராஃப்) குரோட்டைல் ஆல்கஹால் பீக் தெளிவாக நிமிர்ந்து நிற்கிறது, 200இல் வேரைத் தேட வேண்டியிருக்கிறது. கன்வெர்ஷனைச் சமப்படுத்தி இன்னும் ஓட்டவில்லை. காகிதத்தைக் கதவிலிருந்து கிழிக்க சார் விடவில்லை, 'அலுமினாவுக்கு மட்டும்' என்று பேனாவால் எழுதிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, ஜிசி ஓடுகிறது.

குளோரின்_குமார் (6:30)
வாழ்த்துகள். கழுவின நீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தீர்களா?