இரவில் திறந்த நிலுவைப் பட்டியல்

ஆம்பூர், கடை உரிமையாளர்:

காலணித் தொழிற்சாலைகளுக்கு சோல், பக்கிள், பசை ஆகியவற்றை வாங்கி விற்கிறேன். நான்கு ஆண்டுகளாக இணையவழிப் பில்லிங் மென்பொருள் ஒன்றில்தான் கணக்கு எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஆர்டர்கள் குறைந்து, வர வேண்டிய பணமும் நின்றுபோன நாட்களில், கடையை அடைத்து வீட்டுக்கு வந்த பின்னும் யார் எவ்வளவு தர வேண்டும் என்று கைபேசியில் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த வாரங்களில்தான் கடன் தருவதாக அழைப்புகள் வரத் தொடங்கின. "வசூல் கொஞ்சம் தாமதமாகிறது போலிருக்கிறதே, சார்" என்றே ஒருவர் பேச்சைத் தொடங்கினார். அதை நான் என் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

மென்பொருளின் தனியுரிமைக் கொள்கையை அன்றுதான் முழுமையாகப் படித்தேன். பயன்பாட்டுத் தரவு 'வணிகப் பங்காளிகளுடன்' பகிரப்படலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. என்னைப் பற்றிச் சேகரித்த அனைத்தையும் கேட்டுக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன். மூன்று வாரங்கள் கழித்து ஓர் எக்செல் கோப்பு வந்தது. இரவு 11.47, நிலுவைப் பட்டியல், 4 நிமிடம். இரவு 12.20, நிலுவைப் பட்டியல், 2 நிமிடம். இப்படியே பக்கம் பக்கமாக நீண்டது. ஒரு ரூபாய்த் தொகையோ, ஒரு வாடிக்கையாளர் பெயரோ அதில் இல்லை; ஆனாலும் என் கவலை முழுவதும் அதில் இருந்தது. அந்த அழைப்பு இதிலிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆயினும், ஜிஎஸ்டி பில் அச்சாகாமல் நின்றபோது அதே பதிவுகளைப் பார்த்துத்தான் ஒரே நாளில் சரிசெய்தார்கள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். பழுது நீக்குவதற்காக எடுத்ததைக் கடன் விற்பவரிடம் கொடுக்க நான் எப்போது சம்மதித்தேன் என்பதே என் கேள்வி.

சத்துவாச்சாரி, மென்பொருள் பணியாளர்:

அண்ணா, நான் மறுபக்கத்தில் இருந்தவள். பயனர் விரலை எங்கே வைக்கிறார், எந்தப் பக்கத்தில் தயங்குகிறார் என்பதையெல்லாம் காணொளிபோல் ஓட்டிப் பார்க்கும் வசதி எங்கள் முன்னாள் நிறுவனத்தில் இருந்தது. தட்டச்சு செய்யும் கட்டங்களை மறைக்கும் அமைப்பை யாரோ ஒரு பக்கத்தில் போட மறந்துவிட்டதால், ஒரு பெண்மணியின் வங்கிக் கணக்கு எண் ஒவ்வோர் இலக்கமாக என் திரையில் விழுந்ததை நேரில் பார்த்தேன். உடனே தெரிவித்து மறைக்கச் செய்தேன். பழைய பதிவுகளை அழிக்க வைப்பதற்கோ இரண்டு மாதம் போராட வேண்டியிருந்தது.

எந்த நோக்கத்துக்காகச் சம்மதம் பெற்றார்களோ அதற்கு மட்டுமே தரவைப் பயன்படுத்த வேண்டும், கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சம்மதம் கேட்கும்போது தரும் அறிவிப்பைத் தமிழில் கேட்கவும் அதில் இடமுண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் ஆகும். அதுவரை காத்திருக்காமல், பங்காளிகளுடன் பகிரும் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். அமைப்புகள் பக்கத்தில் அந்த டிக் ஏற்கெனவே போடப்பட்டிருந்தால், எடுப்பதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.