இறவானத்தில் உறையும் பனி: கூரையா, பரணா, எதை முதலில் சரிசெய்வது?

மூன்றாவது குளிர்காலமாக எங்கள் வீட்டு வடக்குச் சுவருக்குள் தண்ணீர் இறங்குகிறது. மழையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகுவதில்லை. கனத்த பனி பெய்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தொடங்கும். பரண் வழியே மேலேறும் வீட்டுச் சூட்டில் மேற்கூரையில் உருகும் பனி இறவானத்தில் (கூரையின் வெளி விளிம்பில்) மறுபடி உறைந்து அணைபோல் நிற்கிறது. அதன் பின்னால் தேங்கும் நீர் ஓடுகளுக்கு அடியில் ஏறி, என் மகள் படுக்கும் அறை மூலையில் கசிகிறது. அங்கே இப்போது கரும்பூஞ்சை.

ஆஸ்பால்ட் ஷிங்கிள் (தார் பூசிய மெல்லிய ஓடு) கூரை, 18 ஆண்டுப் பழையது, சரிவு குறைவு. பரணில் சூட்டைத் தடுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு 15 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. குளியலறை விசிறியின் குழாய் பரணுக்குள்ளேயே திறந்துகிடந்ததைப் போன மாதம்தான் கண்டேன். உடனே வெளியே திருப்பிவிட்டேன்.

நீண்ட கைப்பிடி வாரியால் தரையில் நின்றபடி பனியை இழுத்துப் பார்த்தேன். துணிப்பைகளில் பனியை உருக்கும் உப்பான கால்சியம் குளோரைடு நிரப்பி வைத்தேன்; வழி திறந்தது, மறுவாரமே அடைத்துக்கொண்டது. உறைந்த பனியைச் சுத்தியலால் தட்டியதில் இரண்டு ஓடுகள் உடைந்தன. அதை யாரும் செய்யாதீர்கள்.

ஒரு ஒப்பந்தக்காரர் முழுக் கூரையையும் மாற்றி, விளிம்பில் நீர்புகாப் படலம் ஒட்ட வேண்டும் என்கிறார். அவர் பரணுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. மற்றொருவர் பரணின் காற்றுக் கசிவுகளை அடைத்து, பஞ்சைக் கூட்டினால் போதும் என்கிறார்.

இதை அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்: ஓடுகளை அப்படியே விட்டு, கோடையில் பரணை மட்டும் சரிசெய்தால் கசிவு நிற்குமா?