டெனாலி பேருந்து: டூரா, டிரான்சிட்டா?

ஜன்னலோரம்: ஜூலையில் அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். நான், மனைவி, அம்மா, 72 வயது அப்பா. கோடையில் சொந்தக் காரை 15ஆம் மைலில் சாவேஜ் ஆறு வரைதான் விடுவார்களாம், அதற்கு மேல் பேருந்துதான். ஓட்டுநரே விளக்கம் சொல்லிக்கொண்டு வரும் டூர் பேருந்தா, விலை குறைந்த டிரான்சிட்டா, எதில் முன்பதிவு செய்ய?

மலைப்பித்தன்: யோசிக்கவே வேண்டாம், டிரான்சிட். பிடித்த இடத்தில் இறங்கி நடக்கலாம், பின்னால் வரும் டிரான்சிட்டுக்குக் கை காட்டி ஏறலாம். கரடி தெரிந்தால் யாராவது ‘ஸ்டாப்’ என்று கத்துவார்கள், வண்டி நின்றுவிடும். விளக்கம் கிடையாது என்று பெயர்தான், எனக்கு வாய்த்த ஓட்டுநர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். இதற்கு எதற்குக் கூடுதல் காசு?

கணக்கர்: அண்ணே, கை காட்டினால் ஏறலாம், சரி. உள்ளே இடம் இருந்தால்தானே? நாங்கள் மூன்று பேர் தூறலில் சாலையோரம் நின்றோம். வந்த முதல் வண்டியில் ஒரே ஒரு சீட். அம்மாவை ஏற்றிவிட்டு நானும் தம்பியும் நனைந்தபடி நின்றோம். அவரோ ஜன்னல் வழியாக எங்களைத் திட்டிக்கொண்டே போனார். நான்கு பேருக்கு ஒரே வண்டியில் இடமா? வயதானவர்களோடு என்றால் டூர்தான்.

மலைப்பித்தன்: இறங்கியே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? உட்கார்ந்தபடியே போய்த் திரும்பட்டும். அதே சாலை, அதே கரடி.

கணக்கர்: இறங்காமல் வருவதற்கு டிரான்சிட் எதற்கு? நீங்களே உங்கள் வாதத்தைக் கவிழ்த்துவிட்டீர்களே! ஓட்டுநர் பேசுவதும் அவரவர் அதிர்ஷ்டம். எங்களுடையவர் வாயே திறக்கவில்லை.

தூரப்பார்வை: சண்டைக்கு நடுவே ஒன்று. பழைய பயணக் கட்டுரைகளை நம்பி புக் செய்யாதீர்கள். சாலை மொத்தம் 92 மைல். 2021 ஆகஸ்டில் பிரிட்டி ராக்ஸ் நிலச்சரிவால் பாதியில் மூடிவிட்டார்கள், அதிலிருந்து பேருந்துகள் 43ஆம் மைலோடு திரும்பின. 66ஆம் மைல் ஐல்சன் பார்வையாளர் மையம், அதையும் தாண்டிய வொண்டர் லேக் ஏரி, எல்லாம் சரிவுக்கு மறுபக்கம். இந்த வருட நிலவரத்தைப் பூங்காவின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அப்புறம், 6,190 மீட்டர் டெனாலி சிகரத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் மேகத்துக்குள்தான் இருக்கும்.

மலைப்பித்தன்: அதைத்தான் நானும் சொல்கிறேன். மிச்சமாகும் காசில் இன்னொரு நாள் தங்கலாம், சிகரம் தெரிய இரண்டாவது வாய்ப்பு.

கணக்கர்: இது நியாயமான பேச்சு. ஆனாலும் முதல் நாள் டூர்.

ஜன்னலோரம்: எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கரடிக்கு வண்டி நிற்பது இருக்கட்டும், பாத்ரூமுக்கு எங்கே நிற்கும் என்கிறார்.

மலைப்பித்தன்: 30ஆம் மைலில், டெக்லனிகாவில். வழியில் கடை எதுவும் கிடையாது, சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொள்ளுங்கள். ஜூலைதானே என்று ஸ்வெட்டரை வைத்துவிட்டு வராதீர்கள்.